41 வயதில் ஆட்டிச மதிப்பீடு: பணம் கட்டும் முன் நான் கேட்டிருக்க வேண்டியவை

2021 ஆகஸ்ட் மாதத்தில் என் தங்கை மகனுக்கு நான்கு வயது முடிந்திருந்தது. பெயர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பார்ப்பதில்லை என்பதால் அவனைத் திருநெல்வேலியில் குழந்தை வளர்ச்சி மையம் ஒன்றுக்கு அழைத்துச் சென்றோம். அங்கிருந்த பெண் கேட்ட கேள்விகளுக்குத் தங்கை ஒவ்வொன்றாகப் பதில் சொல்லிக்கொண்டிருக்க, என் அம்மா பொறுக்கமாட்டாமல் குறுக்கிட்டார். "நுனிக்கால்ல நடக்கிறது, காதைப் பொத்திக்கிடுறது, ஒரே தட்டுலதான் சாப்பிடுவேன்னு அழுறது, இதெல்லாம் எங்க மூத்தவளும் செஞ்சதுதான். அவ படிச்சு வேலைக்குப் போயி நல்லா இல்லையா?" பேரனைக் காப்பாற்றுவதற்காக அம்மா சொன்னது அது. அந்த மூத்தவள் அதே அறையில் சுவரோரமாக, மின்விசிறியின் கிரீச்சொலியை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கேள்வி கேட்ட பெண் என்னை ஒரு முறை நிமிர்ந்து பார்த்துவிட்டு மீண்டும் தாளுக்குத் திரும்பிவிட்டார். அவர் எதுவும் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து 2023 ஜூன் வரை, 22 மாதங்களையும் 54,499 ரூபாயையும் நான் அந்த ஒரு வாக்கியத்தின் பின்னால் செலவிட்டேன். அதில் ஏறக்குறைய 23,000 ரூபாய் செலவழித்திருக்கவே வேண்டாத பணம். அதை எவரேனும் முன்கூட்டிச் சொல்லியிருக்கலாமே என்ற ஆதங்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

பிறரோடு பழகுவதும், ஒலி ஒளி போன்றவற்றை உணர்வதும் சிறு வயதிலிருந்தே வேறு விதமாக இருக்கும் வளர்ச்சி நிலைதான் ஆட்டிசம். தமிழில் இதை மதியிறுக்கம் என்றும் மன இறுக்கம் என்றும் எழுதுகிறார்கள். மன இறுக்கம் என்றால் மாதக் கடைசியில் எல்லா வீட்டிலும் வருவது என்றுதான் நம்மவர்கள் புரிந்துகொள்வார்கள். ஆகவே நான் ஆட்டிசம் என்றே எழுதுகிறேன். அப்போது எனக்கு 39 வயது. மதுரையில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் பதினான்கு ஆண்டுகளாகக் கணக்கு பார்க்கிறேன், திருமணமாகிவிட்டது, வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குக் குறையென்று எதுவும் தெரியாது. மாலையில் வீடு திரும்பியதும் விளக்கைப் போடாமல் குளியலறையில் அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பேன் என்பதும், தொலைபேசியில் பேச வேண்டியதை முதலில் தாளில் எழுதி வைத்துக்கொண்டுதான் பேசுவேன் என்பதும், சிரிக்க வேண்டிய இடத்தை மற்றவர்களின் முகம் பார்த்தே தெரிந்துகொள்வேன் என்பதும் என் கணவருக்கு மட்டுமே தெரியும். அவருக்கும் பாதிதான் தெரியும்.

முதலில் நான் சென்றது மதுரையிலேயே ஒரு மனநல மருத்துவரிடம். ஆலோசனைக் கட்டணம் 700 ரூபாய். இரண்டரை மணி நேரம் காத்திருந்து, உள்ளே ஒன்பது நிமிடங்கள் இருந்தேன். நான் எழுதிக் கொண்டுபோயிருந்த நான்கு பக்கத் தாள்களை அவர் கையில் வாங்கவில்லை. "கண்ணைப் பார்த்துத்தான பேசுறீங்க? கல்யாணம் ஆயிருக்கு, வேலைக்குப் போறீங்க. ஆட்டிசம்னா இப்படி வந்து உட்கார்ந்து பேச முடியாதும்மா" என்றார். நான் பார்த்துக்கொண்டிருந்தது அவருடைய கண்ணை அல்ல, இரண்டு புருவங்களுக்கும் நடுவே இருந்த இடத்தை. அது கல்லூரி நாட்களில் நானாகவே கண்டுபிடித்துக்கொண்ட உத்தி. அதைச் சொல்ல வாய் வரவில்லை. பதற்ற நோய் என்று எழுதி, மாத்திரை கொடுத்து, மாதம் ஒரு முறை வரச் சொன்னார். பதற்றம் எனக்கு இருந்தது உண்மைதான்; ஆட்டிச நிலையில் உள்ள பெரியவர்கள் பலருக்குப் பதற்றமும் மனச்சோர்வும் கூடவே இருக்கின்றன என்பதைப் பின்னால் அறிந்தேன். ஆகவே அவர் கண்டது பொய்யில்லை. அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்று பார்க்க அவருக்கு நேரமில்லை, அவ்வளவே.

நான்கு முறை சென்றேன். பிறகு கோபத்தில், எவரிடமும் சொல்லாமல், மாத்திரையை ஒரே நாளில் நிறுத்தினேன். நான் செய்த மடமைகளிலேயே பெரியது அது. மூன்றாம் நாளிலிருந்து தலைசுற்றல். தலையைத் திருப்பினால் உள்ளே மின்சாரம் பாய்வது போன்ற ஓர் உணர்வு. அலுவலகப் படிக்கட்டில் இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். இத்தகைய மாத்திரைகளைப் படிப்படியாகக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும் என்று மருந்துக்கடைக்காரர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். மருத்துவர் சொன்னது பிடிக்கவில்லையென்றால் வேறொரு மருத்துவரிடம் செல்லுங்கள். ஆனால் அவர் கொடுத்த மாத்திரையை அவரிடமோ அடுத்தவரிடமோ கேட்டு மட்டுமே நிறுத்துங்கள்.

அடுத்ததாக ஒரு கவுன்சலிங் மையம். ஓர் அமர்வுக்கு 1,200 ரூபாய் வீதம் பதினொரு அமர்வுகள், மொத்தம் 13,200 ரூபாய். அந்தப் பெண் அன்பானவர், அதை மறுக்கமாட்டேன். ஆனால் அவர் எனக்குக் கொடுத்த வீட்டுப்பாடம், ஒரு நாளைக்கு மூன்று புதியவர்களிடம் கண்ணைப் பார்த்துப் பேசிவிட்டு வந்து குறித்து வைக்க வேண்டும் என்பது. கணக்கு எழுதுகிறவளுக்குக் குறித்து வைப்பதா கடினம்? பால்காரர், நகலகத்துப் பெண், பேருந்து நடத்துநர் என்று பட்டியல் போட்டு, 64 நாட்கள் தவறாமல் செய்தேன். ஒவ்வொரு நாள் இரவும் முன்னைவிடச் சோர்ந்துபோனேன். பதினொன்றாவது அமர்வில்தான், "எனக்கு ஆட்டிசம் இருக்கிறதா இல்லையா என்று நீங்கள் எப்போது சொல்வீர்கள்?" என்று நேரடியாகக் கேட்டேன். அவர் சற்றுத் தயங்கிவிட்டு, அது தன்னுடைய வேலையல்ல, தனக்கு அதற்கான தகுதி இல்லை என்றார். முதல் நாளே நான் இதைக் கேட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பார். கேட்காதது என் பிழை. முதல் நாளே அவராகச் சொல்லாதது அவருடைய பிழை என்றும் நினைக்கிறேன்.

மூன்றாவது சறுக்கல் இணையவழிப் பரிசோதனை. 4,999 ரூபாய் கட்டி, ஒரு வினாத்தாளை நிரப்பி அனுப்பினால், இரண்டு நாட்களில் அறிக்கை வந்துவிடும் என்றார்கள். வந்தது. ஆறு பக்கங்கள், வண்ணப் படங்கள், 38 என்ற ஒரு மதிப்பெண். அந்த வினாத்தாள், 2001இல் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த சைமன் பேரன்-கோஹன் குழுவினர் வெளியிட்ட, ஐம்பது கூற்றுகள் கொண்ட ஆட்டிச அலைவரிசை வினாத்தாள் என்பதும், அது எவருக்கும் இலவசமாகக் கிடைப்பது என்பதும், பணம் கட்டிய பிறகுதான் தெரிந்தது. அதில் 32 அல்லது அதற்கு மேல் எடுத்தால் மேற்கொண்டு மதிப்பீடு செய்துகொள்வது நல்லது என்று பொருளே தவிர, ஆட்டிசம் உறுதியாகிவிட்டது என்று பொருளல்ல. குறைவாக எடுத்தால் இல்லை என்றும் பொருளல்ல. அதில் ஒரு கூற்று, விருந்துக்குப் போவதைவிட நூலகத்துக்குப் போவதை விரும்புவீர்களா என்பது போல வரும். நம் ஊரில் இதற்கு எப்படிப் பதில் சொல்வது? கல்யாண வீட்டுக்குப் போவது நம் விருப்பத்தில் இருக்கிறதா என்ன? போகாவிட்டால் நமக்கு எழுதிய மொய்யைத் திருப்பி எழுதவில்லை என்று மூன்று தலைமுறைக்குப் பேச்சாகிவிடும். போவேன், மேளம் உச்சத்துக்கு ஏறும் நேரத்தில் பந்தி நடக்கும் இடத்துக்கு நழுவிவிடுவேன், அதற்கு அந்தத் தாளில் கட்டம் இல்லை. இதே மாதத்தில் இன்னொரு இடத்தில் மூளையின் மின்னலைகளைப் படமெடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று 8,000 ரூபாய் கேட்டார்கள். அந்த ஒரு முறை மட்டும் கட்டாமல் தப்பினேன். ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ எடுத்து ஆட்டிசம் என்று முடிவு சொல்லும் வழி எதுவும் கிடையாது. ஒருவருடைய நடத்தையை நேரில் கவனிப்பதும், அவருடைய குழந்தைப் பருவத்தை விசாரித்து அறிவதும்தான் வழி.

இதற்குள் ஓராண்டுக்கு மேல் ஓடிவிட்டது. மனநல மருத்துவத்தில் பயன்படுத்தும் வரையறைகளைப் படிக்கத் தொடங்கினேன். செய்ய வேண்டிய முதல் வேலையை நான் நான்காவதாகச் செய்தேன். 2013இல் வெளிவந்த அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் ஐந்தாம் பதிப்புக் கையேடு, அதுவரை ஆஸ்பெர்கர் என்று தனியாக அழைக்கப்பட்டதையும் சேர்த்து எல்லாவற்றையும் ஆட்டிச அலைவரிசை என்ற ஒரே பெயரின் கீழ்க் கொண்டுவந்தது. அதில் எனக்கு முக்கியமாகப் பட்டது ஒரு நிபந்தனை. அறிகுறிகள் வளர்ச்சியின் தொடக்கப் பருவத்திலேயே இருந்திருக்க வேண்டும். ஆனால் சமூகத்தின் எதிர்பார்ப்புகள் ஒருவருடைய திறனை மீறும் வரை அவை முழுமையாக வெளித்தெரியாமல் இருக்கலாம், கற்றுக்கொண்ட உத்திகளால் மறைந்தும் போயிருக்கலாம். புருவ நடுவைப் பார்த்துப் பேசிய எனக்கு, இந்த வரியைப் படித்தபோது அழுகை வந்தது. கூடவே கணக்குக்காரியின் மூளையும் விழித்துக்கொண்டது: அப்படியானால் என் குழந்தைப் பருவத்துக்கு ஆவணம் வேண்டும்.

ஆவணத்துக்கு வருவதற்கு முன், தொலைபேசியில் கேட்க வேண்டிய கேள்விகளைச் சொல்லிவிடுகிறேன். நான்காவது முயற்சியில், பணம் கட்டுவதற்கு முன்பு, சென்னை, மதுரை, கோயம்புத்தூர் என்று ஒன்பது இடங்களுக்குத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு பேசினேன். பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு நீங்கள் ஆட்டிச மதிப்பீடு செய்கிறீர்களா என்பது முதல் கேள்வி. இதிலேயே ஆறு இடங்கள் கழிந்துவிட்டன, ஏனெனில் அவர்கள் குழந்தைகளை மட்டுமே பார்க்கிறார்கள். செய்யப்போகிறவர் மருத்துவ உளவியலாளரா, ஆர்.சி.ஐ. என்று சுருக்கமாக அழைக்கப்படும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்தவரா, அவருடைய பதிவெண் என்ன என்பது இரண்டாவது. பதிவு செய்தவர்களின் பட்டியலை அந்த கவுன்சிலின் இணையதளத்திலேயே சரிபார்க்கலாம், எண்ணைக் கேட்டால் உண்மையானவர்கள் கோபித்துக்கொள்வதில்லை. எந்தெந்தக் கருவிகளைப் பயன்படுத்துவீர்கள், என் பெற்றோரிடமும் பேசுவீர்களா என்பது மூன்றாவது. வினாத்தாள் மட்டும்தான் என்றால் தொலைபேசியை வைத்துவிடலாம். எழுத்துபூர்வமான அறிக்கை கட்டணத்தில் அடங்குமா, அதற்குத் தனியா என்பது நான்காவது. இந்த நான்கு கேள்விகளும் பேசி முடிக்க ஐந்து நிமிடங்கள் ஆகும். அந்த ஐந்து நிமிடங்களுக்குப் பயந்துதான் நான் அதற்கு முன்பு யாரிடமும் பேசாமல், நேராகப் போய்ப் பணம் கட்டிக்கொண்டிருந்தேன். தொலைபேசியில் பேச முடியாதவர்கள் இதையே வாட்ஸ்அப்பில் எழுதிக் கேட்கலாம். கடைசியில் எனக்கு ஒழுங்கான பதில் தந்த இடம் எழுத்தில்தான் தந்தது. தனியாருக்குச் செல்ல வசதியில்லாதவர்கள் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவிலும், சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் உள்ள பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனத்திலும், பெங்களூருவில் உள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸிலும் விசாரிக்கலாம் என்பது எனக்குப் பின்னரே தெரிந்தது.

இப்போது ஆவணம். என் சொந்த ஊர் கோவில்பட்டி. 2022 டிசம்பரில் நான்கு நாட்கள் விடுப்பெடுத்து, அம்மாவிடம் போய் உட்கார்ந்தேன். "சின்ன வயதில் நான் எப்படி இருந்தேன்?" என்று கேட்டேன். "ஒனக்கென்ன, நல்லாத்தான் இருந்த, தங்கமான பிள்ளை" என்றார். பேரனுக்காகப் பதினாறு மாதங்களுக்கு முன்பு தானாகச் சொன்னதையெல்லாம், மகளுக்காகக் கேட்டபோது ஒன்றுவிடாமல் விழுங்கிவிட்டார். எனக்கு வந்த கோபத்தில் அன்றே ஊர் திரும்பியிருப்பேன். அம்மாவின் பயம் அப்போது எனக்குப் புரியவில்லை: மகளைப் பற்றி ஏதாவது சொன்னால் அது மருமகன் வீட்டில் போய் என்னவாக முடியுமோ என்பதும், இதெல்லாம் தன்னுடைய வளர்ப்பின் பிழை என்று ஆகிவிடுமோ என்பதும்தான் அது. மறுநாள் கேள்வியை மாற்றினேன். எப்படி இருந்தேன் என்று கேட்காமல், எந்தத் தட்டில் சாப்பிட்டேன் என்று கேட்டேன். விளிம்பில் நசுங்கிய எவர்சில்வர் தட்டு என்றார். அது தொலைந்தபோது என்ன நடந்தது என்று கேட்டேன். இரண்டு நாட்கள் சாப்பிடாமல் இருந்தாய், அப்பா சாத்தூர் வரைக்கும் போய் அதே போல ஒன்றை வாங்கிவந்து விளிம்பைச் சுத்தியலால் தட்டி நசுக்கினார் என்றார். இதை அதற்கு முன்பு ஒருமுறைகூட அவர் என்னிடம் சொன்னதில்லை. இறந்து பதினைந்து ஆண்டுகளான என் அப்பா, என்னைத் திட்டாமல் ஒரு புதிய தட்டைச் சுத்தியலால் நசுக்கியிருக்கிறார். அன்று மதியம் நான் சாப்பிடவில்லை.

பெற்றோரிடம் கேட்கப்போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். அபிப்பிராயம் கேட்காதீர்கள், பொருளையும் நாளையும் இடத்தையும் கேளுங்கள். என்ன சாப்பிட மறுத்தேன், எந்தத் துணியை உடுத்த அழுதேன், திருவிழாவில் எங்கே நின்றேன், யாரோடு விளையாடினேன், என்ன விளையாட்டு, எப்போது பேசத் தொடங்கினேன். சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளுங்கள், திருத்தாதீர்கள். அம்மா இல்லாதவர்கள் சித்தியிடமோ அத்தையிடமோ, மூத்த அண்ணன் அக்காவிடமோ, பக்கத்து வீட்டுப் பாட்டியிடமோ கேட்கலாம். பரணில் இருந்த தகரப்பெட்டியிலிருந்து எனக்கு இன்னும் சில கிடைத்தன. மூன்றாம் வகுப்பு மதிப்பெண் அட்டையில் ஆசிரியை எழுதிய "பாடத்தில் முதல், எவருடனும் சேர்வதில்லை" என்ற குறிப்பு. தங்கையின் காதணி விழாப் புகைப்படத்தில், மேளக்காரருக்கு அருகே இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டு கண்களை இறுக மூடியிருக்கும் நான். ஏழு நோட்டுகளில் ஒட்டிய தீப்பெட்டிப் படங்கள். கோவில்பட்டியில் தீப்பெட்டிப் படம் சேர்க்காத பிள்ளை கிடையாது, அதனால் அதை எவரும் விசித்திரமாக நினைக்கவில்லை. ஆனால் மற்ற பிள்ளைகள் அவற்றை மாற்றிக்கொண்டார்கள், விளையாட்டில் பந்தயம் கட்டினார்கள். நான் ஒருத்திக்கும் காட்டாமல் நிறம், விலங்கு, எழுத்து என்று வகை பிரித்து, எண் போட்டு, பட்டியல் எழுதி வைத்திருந்தேன்.

இன்னொன்றையும் அம்மா சிரித்துக்கொண்டே சொன்னார். தெருவில் என்னை "ஆகாசவாணி" என்று கூப்பிடுவார்களாம். வானொலிச் செய்தியைக் கேட்டுக் கேட்டு, ஐந்து வயதில் நான் வீட்டிலும் எழுத்துத் தமிழிலேயே பேசியிருக்கிறேன். "எனக்குத் தண்ணீர் வேண்டும்", "பாட்டி இன்னும் வரவில்லை" என்று. பேச்சுத் தமிழ் எனக்குத் தானாக வரவில்லை. பள்ளிக்கூடத்தில் மற்ற பெண்கள் கேலி செய்த பிறகு, அவர்கள் பேசுவதைக் கவனித்து, வேற்று மொழியைப் படிப்பது போலப் படித்துக்கொண்டேன். இன்றும் களைத்துப்போனால் எழுத்துத் தமிழுக்குத் திரும்பிவிடுகிறேன், என் கணவர் அதை வைத்துத்தான் நான் களைத்திருக்கிறேன் என்று கண்டுபிடிக்கிறார். வயதுக்கு மீறிய, புத்தகத்தனமான பேச்சு என்பது ஆட்டிசத்தைப் பற்றிய தொடக்ககால மருத்துவக் குறிப்புகளிலேயே இருக்கிறது. ஆனால் பேசுவதற்கு ஒன்றும் எழுதுவதற்கு ஒன்றுமாக இரண்டு தமிழை வைத்திருக்கும் நம்மிடம் அது எவ்வளவு துல்லியமாகத் தெரியும் என்பதை எந்த வினாத்தாளும் கேட்கவில்லை. நீங்களாகவே சொல்லுங்கள்.

2023 மார்ச் மாதம், மூன்று மாதக் காத்திருப்புக்குப் பிறகு, சென்னையில் மதிப்பீடு நடந்தது. கட்டணம் 22,000 ரூபாய். அம்மாவும் நானும் பாண்டியன் எக்ஸ்பிரஸில் போய், ஒரு விடுதியில் மூன்று இரவுகள் தங்கினோம். போக்குவரத்தும் தங்குவதும் சாப்பாடுமாக 9,600 ரூபாய். தூக்கமில்லாமல் இரவு ரயிலில் இறங்கி, நேராக அறைக்குள் போய் உட்கார வேண்டாம் என்று முதல் நாளை ஓய்வுக்கு ஒதுக்கியது மட்டுமே நான் சரியாகத் திட்டமிட்டது. முதல் அமர்வுக்கு நல்ல பட்டுப்புடவை உடுத்தி, பதில்களை மனத்தில் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். நேர்காணலுக்குப் போவதாகவே என் உடம்பு நினைத்துக்கொண்டது. இருபது நிமிடங்கள் கழித்து அந்த உளவியலாளர் பேனாவை வைத்துவிட்டு, "நீங்க தயார் பண்ணிட்டு வந்ததை முடிச்சுட்டீங்களா? இனிமே சும்மா பேசலாமா?" என்றார். நான் எழுத்துத் தமிழில், "முடித்துவிட்டேன்" என்றேன். அவர் சிரிக்கவில்லை, குறித்துக்கொண்டார். பிறகு, விளக்கில் ஒன்றை அணைக்கட்டுமா என்று கேட்டார். மருத்துவ உலகத்தில் என்னிடம் எவரும் அதுவரை கேட்டிராத கேள்வி அது.

மூன்று அமர்வுகளில், வளர்ச்சி வரலாறு, அன்றாடச் செயல்பாடுகள் பற்றிய நேர்காணல், நுண்ணறிவுச் சோதனை, நேரில் கவனித்து மதிப்பிடும் ஏடாஸ் என்ற கருவி எல்லாம் இடம்பெற்றன. சரளமாகப் பேசும் பெரியவர்களுக்கென்று அந்தக் கருவியில் நான்காம் தொகுதி இருக்கிறது. அதில் என்ன செய்யச் சொல்வார்கள் என்று நான் எழுதமாட்டேன். முன்கூட்டித் தெரிந்துகொண்டு போனால் அந்தச் சோதனையே பாழாகிவிடும், உங்கள் பணமும் பாழாகிவிடும். ஒத்திகையும் வேண்டாம், நம்பமாட்டார்களோ என்ற பயத்தில் மிகைப்படுத்தவும் வேண்டாம். தமிழில் பேச வேண்டுமா ஆங்கிலத்திலா என்பதை முன்பே சொல்லிவிடுங்கள். சமூகப் பதற்றம், கவனக்குறைபாடு, எண்ணச் சுழற்சி நோய், சிறுவயதில் நேர்ந்த அதிர்ச்சிகள் ஆகியவற்றைப் பற்றியும் நீண்ட நேரம் கேட்டார்கள். இதெல்லாம் எதற்கு என்று எரிச்சலாக இருந்தது. இவை ஆட்டிசம் போலவே தோற்றம் தரக்கூடும், ஆட்டிசத்தோடு சேர்ந்தும் இருக்கக்கூடும், பிரித்துப் பார்க்காமல் முடிவு சொல்வது தவறு என்று உளவியலாளர் விளக்கினார்.

அம்மாவிடம் தனியாக ஒன்றரை மணி நேரம் பேசினார்கள். நான் வெளியே உட்கார்ந்து தரையில் இருந்த ஓடுகளை நீளவாட்டிலும் அகலவாட்டிலும் எண்ணினேன். வெளியே வந்த அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எல்லாத்தையும் சொல்லிட்டேன். தட்டு சங்கதியையும் சொல்லிட்டேன்" என்றார். பிறகு, தான் வளர்த்த விதத்தில் ஏதும் பிழையா என்று உள்ளே கேட்டதாகவும், இல்லவே இல்லை என்று உளவியலாளர் தன் கையைப் பிடித்துச் சொன்னதாகவும் சொன்னார். தாயின் பாசக் குறைவால் ஆட்டிசம் வருகிறது என்று ஒரு காலத்தில் மருத்துவர்களே எழுதியிருக்கிறார்கள். அது தவறு என்று கைவிடப்பட்டுப் பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. என் 68 வயது அம்மா அந்தக் கோட்பாட்டைப் படித்ததேயில்லை, ஆனாலும் அதைத் தலையில் சுமந்துகொண்டிருந்தார். உங்கள் பெற்றோரை அழைத்துச் செல்லும் முன், இதைப் பற்றி அவர்களிடம் ஒரு வார்த்தை பேசிவிடுங்கள். நான் பேசவில்லை.

ஜூன் மாதம் அறிக்கை வந்தது. ஆட்டிச அலைவரிசை நிலை, முதல் நிலை (அதாவது உதவித் தேவை குறைவாக உள்ள நிலை), அறிவுத்திறன் குறைபாடு இல்லை. முதல் இரண்டு நாட்கள் மனம் லேசாக இருந்தது. மூன்றாம் நாள் கோபம் வந்தது: கேலி செய்த பெண்கள் மீது, ஒன்பது நிமிட மருத்துவர் மீது, திமிர் பிடித்தவள் என்று என்னைச் சொன்ன நாத்தனார் மீது. அதற்குப் பின் வந்தது துக்கம், அது ஏறக்குறைய நான்கு மாதங்கள் இருந்தது. என் கணவர், "பேர் வெச்சா மட்டும் எல்லாம் மாறிடுமா?" என்றார். ஒரு வாரம் நான் அவரோடு பேசவில்லை. அவர் கேட்டதிலும் ஞாயம் இருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். ஏனெனில் பெரியவர்களுக்கு நோயறிதல் வரைக்கும்தான் பாதை. அறிக்கையைக் கையில் கொடுத்துவிட்டால் அதற்கு அப்பால் உங்களுக்காக எவரும் காத்திருப்பதில்லை. ஓரிரவு 14416 என்ற மத்திய அரசின் இலவச மனநல உதவி எண்ணை அழைத்தேன். தமிழிலேயே, பொறுமையாகக் கேட்டார்கள். நோயறிதலுக்கு அது பயன்படாது, அப்படிப்பட்ட இரவுக்குப் பயன்பட்டது. அறிக்கை வாங்கும் அமர்வோடு முடித்துக்கொள்ளாமல், ஒரு மாதம் கழித்து இன்னோர் அமர்வை முன்பே பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள். கேள்விகள் எல்லாம் அப்போதுதான் வரும்.

சான்றிதழைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனெனில் அதில் எனக்கு எதுவும் கிடைக்கவில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, தான் அங்கீகரிக்கும் 21 வகைக் குறைபாடுகளுள் ஆட்டிசத்தையும் சேர்த்திருக்கிறது. ஆனால் தனியார் அறிக்கை வேறு, அரசு மருத்துவக் குழு தரும் சான்றிதழ் வேறு. இட ஒதுக்கீடு போன்றவற்றுக்குக் குறைந்தது 40 விழுக்காடு என்று அந்தக் குழு சான்றளிக்க வேண்டும். அதற்குப் பயன்படுத்தும் இந்திய அளவுகோலில் நாற்பது கூற்றுகள். ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண். மொத்தம் 70க்குக் கீழே இருந்தால் ஆட்டிசம் இல்லை என்று கணக்கு. எனக்கு 61 போட்டார்கள். ஆக, ஓர் அறையில் ஆட்டிசம் உண்டு, இன்னோர் அறையில் இல்லை. இரண்டு நாள் விடுப்பு போனது. இணையத்தில் விண்ணப்பிக்கும்போது புகைப்பட அளவுக்காகப் பட்ட பாடு தனி. உங்களுக்கு இது எதற்குத் தேவை என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அரசு வேலைக்கோ தேர்வுச் சலுகைக்கோ என்றால் குழுவின் முன் போய்த்தான் ஆக வேண்டும். உங்களை நீங்கள் புரிந்துகொள்ள மட்டும்தான் என்றால் அந்த வரிசையில் நிற்க வேண்டியதில்லை.

அலுவலகத்தில் ஆட்டிசம் என்ற சொல்லையே நான் எடுக்கவில்லை. என் மேசையை அச்சு இயந்திரத்துக்கு அருகிலிருந்து மூலைக்கு மாற்றச் சொன்னேன். வாய்வழியாகச் சொல்லும் வேலைகளை மின்னஞ்சலிலும் ஒரு வரி எழுதிவிடச் சொன்னேன். முதலாவதை அன்றே செய்தார்கள். இரண்டாவதை மார்ச் மாதக் கணக்கு நெருக்கடியில் மறந்துவிடுகிறார்கள், நான் நினைவூட்டுகிறேன். கவுன்சலிங் மையத்தின் வீட்டுப்பாடத்தை நிறுத்திவிட்டேன். பால்காரரிடம் பேசும்போது பாத்திரத்தைப் பார்த்தே பேசுகிறேன், அவர் ஒன்றும் நினைத்துக்கொள்வதில்லை.

கடைசியாக அறிக்கைத் தாளைப் பற்றி. கையெழுத்து, முத்திரை, பதிவெண் மூன்றும் இருக்கும் மூலப்படிகள் இரண்டு கேட்டு வாங்குங்கள். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017இன்படி உங்கள் மருத்துவப் பதிவுகளைக் கேட்டுப் பெறுவது உங்கள் உரிமை, எனவே தயங்க வேண்டாம். அங்கிருந்து கிளம்பும் முன் பெயர், பிறந்த தேதி, இனிஷியல் ஆகியவற்றை ஆதார் அட்டையோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். வாழ்நாளெல்லாம் பிறர் கணக்கைச் சரிபார்த்த நான் என் அறிக்கையில் அதைச் செய்யவில்லை. அப்பாவின் இனிஷியல் இருக்க வேண்டிய இடத்தில் கணவருடையதைப் போட்டிருந்தார்கள். கூரியரில் அனுப்பமாட்டோம், மூலப்படியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நேரில்தான் வாங்க வேண்டும் என்றார்கள். அந்த ஓர் எழுத்துக்காக மறுபடியும் சென்னைக்குப் போய்வர 1,140 ரூபாய் ஆயிற்று. மேலே சொன்ன 54,499இல் அதைச் சேர்க்கவில்லை.